தூரமா சாரும் நான்காவது கேள்வியும்

இந்த தேசத்தில் யாருமே எங்கேயும் கிளம்பாமல் இருந்தால் நல்லது என்று மனசார நினைத்த ஒரே நெடுஞ்சாலை அதிகாரி தூரமா சார்தான். அவர் கையில் அதிகாரம் இருந்திருந்தால் டெல்லியைச் சுற்றிக் கதவு போட்டு, உள்பக்கமாகத் தாழிட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்திருப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். மற்ற நாட்களில் பியூன் முதல் டைரக்டரின் ஸ்டெனோ வரை எல்லோருக்கும் அவர் தூரமா சார். காரணம் எளிது. எழுந்து போகிற யாரைப் பார்த்தாலும் "தூரமா?" என்று கேட்பார். "எங்கே போறே" என்று மட்டும் கேட்க மாட்டார். கிளம்புகிறவனிடம் அப்படிக் கேட்டால் போன காரியம் உருப்படாது என்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள கணக்குத்தான். ஆனால் நாம் அதை வாசற்படியோடு விட்டுவிடுகிறோம். அவர் டீ குடிக்கப் போகிறவனிடமும் கடைப்பிடித்தார். பாத்ரூம் போகிறவனிடமும் கடைப்பிடித்தார். டைரக்டர் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது மொத்த செக்‌ஷனும் நின்று வாழ்த்தியது. இவர் மட்டும் "கித்னி தூர், ஸாப்?" என்றார். எவ்வளவு தூரம் என்று கேட்டதும் டைரக்டர் வெள்ளந்தியாக ஊர்ப் பெயரையே சொல்லிவிட, இவர் காதில் கொதிக்கிற எண்ணெய் விழுந்த மாதிரி முகத்தைச் சுளித்தார்.

ஆட்டோவில் ஏறுவது அவருக்குப் பெரிய சோதனை. "கஹான் ஜானா ஹை?" என்று கேட்காத ஆட்டோக்காரன் டெல்லியில் இன்னும் பிறக்கவில்லை. சார் பதில் சொல்ல மாட்டார். "சலோ" என்பார். எங்கே என்று அவன் மறுபடி கேட்டால் "சீதா" என்பார், நேராகப் போ என்று. அப்புறம் வழிநெடுக வலது, இடது, நேரே என்று கையைக் காட்டிக்கொண்டே வருவார். ஒருமுறை ஒரு ஆட்டோக்காரன் பயந்துபோய், அவரைப் போலீஸ் சௌக்கி வாசலில் இறக்கிவிட்டுக் காசு வாங்காமல் ஓடிவிட்டான்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு பெரியவர் இறந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாடையைத் தூக்கினார்கள். பழக்க தோஷம், சார் வாயிலிருந்து "தூரமா?" என்று வந்துவிட்டது. தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டோம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் திருச்சியிலிருந்து டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். நெடுஞ்சாலைகளைப் பற்றித் தாளில் மட்டும் கவலைப்படும் ஒரு அலுவலகத்தில் அசிஸ்டென்ட் வேலை. தூரமா சார் எனக்கு செக்‌ஷன் ஆபீசர். போதாததற்கு வீட்டுக்காரரும் அவர்தான். கிட்வாய் நகரில் அவருடைய குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில் நான் குடியிருந்தேன். அரசாங்க வீட்டில் வெளியாளை வைக்கக் கூடாது என்பதால், சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் என்னை அக்கா மகன் என்று சொல்வதாக ஏற்பாடு. சார் திருநெல்வேலிக்காரர். அவர் ஊரில் அக்கா மகன் மருமவன். அதை மனதில் வைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் வந்த அன்று இந்தியில் "தாமாத்" என்று சொல்லிவிட்டார். இந்தியில் அது பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை. இன்ஸ்பெக்டர் தாளைப் புரட்டினார். உங்களுக்கு ஒரே ஒரு மகன் என்றுதானே இருக்கிறது, மகள் எங்கே என்றார். மகள் கிடையாது என்றார் சார். அப்படியானால் இவன் எப்படி மாப்பிள்ளை என்றார் இன்ஸ்பெக்டர். சார் கொஞ்சம் யோசித்து, இவன் நல்ல பையன் என்றார். இன்ஸ்பெக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, சரி, மகனாவது எங்கே என்று கேட்டார். சார் அண்ணாந்தார். ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் பெயர் செல்வம். நான் அங்கே போவதற்கு இரண்டு வருஷம் முன்பு, இருபது வயதில், ஒரு பையோடு வீட்டை விட்டுப் போனவன். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அவன் பெயருக்கு வந்த கடிதங்களைப் பிரிக்காமல் டி.வி. மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். அவனைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு எழாது. இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று முதல் நான் அலுவலகத்தில் அவரை சார் என்றும் வீட்டில் மாமா என்றும் கூப்பிட ஆரம்பித்தேன். அவர் மனைவி எனக்கு அத்தை ஆனார்.

இப்படிப்பட்டவர் மேஜைக்குத்தான் அந்த ஓ.டி. சர்வே கோப்பு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததே தாமதமாகத்தான், அதற்கு நான் பொறுப்பு. நம் ஊரில் ஓ.டி. என்றால் ஆன் டூட்டி. விடுப்பு விண்ணப்பங்களோடு சேர்த்துக் கட்டி பீரோவில் போட்டுவிட்டேன். மூன்று வாரம் நெடுஞ்சாலை வளர்ச்சி கேஷுவல் லீவில் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, ஓ என்றால் புறப்பட்ட இடம், டி என்றால் போய்ச் சேரும் இடம். நெடுஞ்சாலையில் நின்று வண்டிகளை நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டு எழுத வேண்டும். அதை வைத்துத்தான் புது பைபாஸ் எந்தப் பக்கம் என்று முடிவாகும். கேட்பதற்கு ஒரு கான்ட்ராக்டரை அமர்த்தும் வேலை எங்கள் செக்‌ஷனுடையது.

கோப்பைப் படித்து முடித்ததும் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒரு வாரம் முழுக்க, ரோட்ல போற அத்தன பேர்ட்டயும் இதக் கேக்கவாடே? எத்தன குடும்பம் இருக்கும், யோசிச்சுப் பாரு."

டெண்டருக்கு மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டுவதாகச் சொன்னார். கம்ப்யூட்டர் கடைசி வரை கண் திறக்கவில்லை. இரண்டாமவர் எங்கள் பக்கத்து அலுவலகத்தில் ரிட்டயர் ஆனவர், கோட்டு போட்டுக்கொண்டு வந்து பழைய கதை பேசிவிட்டுப் போனார். மூன்றாவது ஆள் பெயர் சேத்தி. கவரில் இருந்த ஆங்கில எழுத்தை நான் செட்டி என்று படித்து, நம் பக்கத்து ஆள் என்று தமிழில் வணக்கம் வைத்தேன். ஆறடிப் பஞ்சாபி ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்கு இருந்த முன் அனுபவம், வீடு வீடாகப் போய் எந்த சோப்பு போடுகிறீர்கள் என்று கேட்டது. சோப்புக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்றார் டைரக்டர். "பூச்ச்னா தோ பூச்ச்னா ஹீ ஹை, ஸாப்" என்றார் சேத்தி. கேட்பது என்று வந்துவிட்டால் எல்லாம் கேட்பதுதானே என்று அர்த்தம். அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஒப்பந்த நிபந்தனைகளை எழுதியது சார். அதில் பதினோராவது நிபந்தனை, எந்த வண்டியையும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. பாதுகாப்பு விஷயத்தில் தென்னாட்டுக்காரர்களுக்கு இருக்கும் அக்கறையைப் பாருங்கள் என்று டைரக்டர் மற்ற செக்‌ஷன்களுக்கு அதை எடுத்துச் சொன்னார். 

கேள்வித்தாளில் மொத்தம் நாலே கேள்வி. என்ன வண்டி, என்ன சரக்கு, எங்கிருந்து, எங்கே. இந்தியில் டைப் ஆகி, திருத்தத்துக்கு சார் மேஜைக்குப் போய், அங்கிருந்து அச்சாபீசுக்குப் போனது. கட்டுக்கட்டாக அச்சடித்து வந்தது. சேத்தியின் ஆட்கள் வாரம் முழுக்க வெயிலிலும் புழுதியிலும் நின்று நிரப்பிக்கொண்டு வந்தார்கள். இம்மாதிரி வேலைகளில் தாபாவில் உட்கார்ந்து பொய்யாக நிரப்புவதுதான் வழக்கம் என்று கேள்வி. எங்கள் கெட்ட நேரம், சேத்தி யோக்கியமான மனிதராக இருந்துவிட்டார். தாளில் என்ன இருந்ததோ அதை அப்படியே கேட்டிருந்தார்.

நான்காவது கேள்வி, "கித்னி தூர்?"

மூட்டையைப் பிரித்தோம். பாதிப் பேர் "பஹுத் தூர்" என்று சொல்லியிருந்தார்கள், ரொம்ப தூரம். மீதிப் பேர் இதோ பக்கத்தில்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஒருவர் முதலாளிக்குத்தான் தெரியும் என்றிருந்தார். ஒருவர் உனக்கென்ன என்றிருந்தார். ஒரு கார்க்காரர் மட்டும் கொஞ்சம் விரிவாக, மாமனார் வீடு, தூரமாக இருப்பதே நல்லது என்று சொல்லியிருந்தார்.

டைரக்டர் அறைக்குள் நானும் போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டி, இதில் பஹுத் தூர் எங்கே இருக்கிறது, கொஞ்சம் காட்டுங்கள் என்றார். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் கிளம்புகிறவனிடம் அதைக் கேட்க மாட்டோம் ஸாப் என்றார்.

"யே சடக் ஆப்கே காவ்ன் கீ நஹீன் ஹை" என்றார் டைரக்டர். இது உங்கள் ஊர் ரோடு இல்லை.

தீர்ப்பு இதுதான். அதே கான்ட்ராக்டரோடு, சரியான கேள்வியோடு, சார் தானே ரோட்டில் நின்று கேட்டு எழுத வேண்டும். தவறினால் ஜபல்பூருக்கு மாற்றல். மாற்றல் உத்தரவை அப்போதே டைப் அடிக்கச் சொன்னார்கள். நான்தான் அடித்தேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்தேன்.

ஜபல்பூர் ஒன்றும் மோசமான ஊர் இல்லை என்று அத்தைக்கு ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கீரையை அப்படியே வைத்துவிட்டார்.

"குவார்ட்டர்ஸக் காலி பண்ணணுமா?"

"டெல்லிய விட்டுப் போனா வீட்டக் குடுத்துடணும் அத்தை."

"அப்ப நான் வரமாட்டேன்னு சொல்லிரு. அவனுக்கு இந்த வீட்டு நம்பர் ஒண்ணுதான் தெரியும். வந்து கதவத் தட்டுதான்னு வையி, வேற எவளோ வந்து தொறந்தா என்ன செய்வான்?"

 வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு மாமா அவன்கிட்ட எங்க போறன்னு கேட்டுட்டாரா? அதனாலதான் இப்படி யார்கிட்டயும் கேக்க மாட்டேங்கறாரா?"

அத்தை என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லிருப்பான்லா. முந்தின நாளு ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். மறுநாள் வாசல்ல நின்னுக்கிட்டு செருப்ப மாட்டுதான், களட்டுதான், மறுபடி மாட்டுதான். ஏதோ சொல்லணும்னு நிக்கான். இவுக பேப்பர்லேருந்து தலையத் தூக்கி, 'தூரமாடே'ன்னு கேட்டாவ. 'ஆமா, தூரம்தான்'னான். 'சரி, பாத்துப் போயிட்டு வா'ன்னாவ. அம்புட்டுத்தான்."

அவர் மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். அதுவரை மாமாவை ஒரு வேடிக்கை மனிதராகவே வைத்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கே போறே என்று ஒருவனிடம் கேட்கலாம், கேட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்று அவர் ஒத்துக்கொண்டால், அன்று காலையில் கேட்டிருக்கலாமே என்பதையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைத் தவிர்ப்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்த நியாயம். அவரைக் கேலி செய்து நான் கேண்டீனில் சொன்ன கதைகளை எல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது.

ஜனவரி மாதம். மதுரா ரோட்டில் ஃபரீதாபாத் தாண்டி ஒரு தாபா வாசலில் எங்கள் முகாம். எதிரே வருவது எருமையா லாரியா என்று தெரியாத பனி. ஒரு கான்ஸ்டபிள் வண்டிகளை நிறுத்தினார். சேத்தி குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு நெருப்பு மூட்டினார். மாமா மப்ளரும் அட்டையுமாக ரோட்டில் இறங்கினார். "கஹான் ஸே?" என்று கணீரென்று கேட்டார். எங்கிருந்து என்று கேட்பதில் அவருக்கு ஒரு தடையும் இல்லை. அடுத்த கேள்விக்கு வந்ததும் டிரைவரை விட்டுவிட்டு லாரியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். உருளைக்கிழங்கா, ஆசாத்பூர் மண்டி. கல்லா, கட்டடம் எழும்பும் ஏதோ ஒரு பக்கம். தானாகவே எழுதிக்கொண்டார். காலி லாரி ஒன்று வந்தபோதுதான் மாட்டிக்கொண்டார். டிரைவர் முகத்தையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அவன் பயந்துபோய் லைசென்ஸை எடுத்து நீட்டினான்.

"ஸாப், பூச்ச் லீஜியே" என்று சேத்தி கெஞ்சினார். கேட்டுவிடுங்கள்.

"நான் கேக்கறேன் மாமா, நீங்க எழுதுங்க" என்றேன்.

"வேண்டாம்டே. ஆர்டர்ல என் பேரத்தான் போட்டிருக்கு."

பத்து மணிக்குப் பனி கொஞ்சம் விலகியபோது ஒரு நாமக்கல் லாரி வந்து நின்றது. நெற்றியில் பட்டை, எலுமிச்சம்பழம், தமிழில் குலதெய்வத்தின் பெயர். மாமா முகம் மலர்ந்தது. எங்கிருந்து என்று தமிழிலேயே கேட்டார். "சேலமுங்க. ஜவ்வரிசி லோடு" என்றார் டிரைவர். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டதால் கான்ஸ்டபிள் விசில் ஊதினார். டிரைவர் கியர் போட்டு வண்டியை எடுத்தார். பெயர்ப் பலகையின் தமிழ் எழுத்து மாமாவைக் கடந்து நகர்ந்தது. அவர் இரண்டடி கூடவே ஓடினார்.

"எங்கய்யா போற?"

வண்டி கிறீச்சிட்டு நின்றது. காலையிலிருந்து சர்தார்ஜி, ஹரியானாக்காரர், ராஜஸ்தானி என்று எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தரும் எதையும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மனிதர் கதவைத் திறந்து கீழே குதித்தார்.

"ஏனுங்க, பாத்தா வயசுல பெரியவராட்டத் தெரியறீங்க. வண்டி எடுக்கறப்ப எங்க போறேன்னு கேக்கலாங்களா? தமிழாளுதானுங்களே நீங்க? தூரமான்னு கேளுங்க."

எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. சிரித்தது நான் ஒருவன்தான் என்று தெரிந்ததும் நின்றுவிட்டது. மாமா அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"தூரமான்னு கேட்டா ஆமான்னுட்டுப் போயிருவ. எங்க போனன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் எங்கன வந்து தேடட்டும்?"

அதை அவர் அந்த டிரைவரிடம் சொல்லவில்லை என்பது டிரைவருக்கே தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். டிரைவர் தண்ணீர் கேனை எடுத்து, சகுனத் தடை கழிய முகம் கழுவினார். தலைத்துண்டை அவிழ்த்துத் துடைத்தார்.

"சரிங்க. நீங்க கேக்கவே இல்லைன்னு வெச்சுக்கறேன். நானாச் சொல்றேன், எழுதிக்கோங்க. லூதியானா போறேன். லோடு எறக்கிட்டு அங்கிருந்து சைக்கிள் சாமான் ஏத்திக்கிட்டு கோயமுத்தூரு."

மாமா எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது. எழுதி முடித்துவிட்டு, தாளில் இல்லாத ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுல தெரியுமா, நீரு எங்க இருக்கீருன்னு?"

"ஆக்ராவுல போன் போட்டனுங்க, லைனு கெடைக்கல."

"தாபா ஓரத்துல எஸ்.டி.டி. இருக்கு. பேசிட்டுப் போரும். அஞ்சு நிமிசத்துல ஒண்ணும் கொறஞ்சிராது."

அவர் போய்ப் பேசிவிட்டு வந்தார். வண்டியில் ஏறியதும், போயிட்டு வாரேனுங்க என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்.

அதற்கப்புறம் மாமாவை நிறுத்த முடியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்டார். முடிவில் "கர் மே பதா ஹை?" என்றும் கேட்டார், வீட்டில் தெரியுமா. தெரியாது என்றவர்களை எஸ்.டி.டி. பூத்துக்கு அனுப்பினார். போக்குவரத்தைச் சீர்செய்ய எடுத்த சர்வேயால் மதுரா ரோட்டில் மூன்று கிலோமீட்டருக்கு வண்டி நின்றது. இது டெண்டரில் இல்லையே ஸாப் என்று சேத்தி முனகிக்கொண்டே இருந்தார். மத்தியானம் பார்த்தால் பூத் வரிசையில் அவரும் நின்றுகொண்டிருந்தார்.

டைரக்டர் தாள்களைப் பார்த்துத் திருப்திப்பட்டார். ஓரத்தில் கையால் எழுதிச் சேர்த்திருந்த ஐந்தாவது கேள்வியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். ஜபல்பூர் உத்தரவைக் கிழித்துக் குப்பையில் போட்டார். பைபாஸ் வரவில்லை, அது வேறு கதை. வீடு மிஞ்சியது.

செல்வம் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் அந்தப் பின்பக்க அறையில் இருந்தேன். டி.வி. மேல் கடிதக்கட்டு சரிந்து விழ, அத்தை அதற்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டார். மாமா வழக்கம்போல எல்லோரிடமும் தூரமா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாள் ரோட்டில் நடந்தது ரோட்டோடு போயிற்று என்று நினைத்தேன்.

பிறகு எனக்குச் சென்னையில் பத்திரிகை வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று வாசலில் பெட்டியோடு நின்றேன். அத்தை இட்லிப் பொட்டலம் கொடுத்தார். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். தூரமா என்பார், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று தயாராக இருந்தேன்.

"எங்கடே போற?"

அத்தை திடுக்கிட்டுப் பார்த்தார். "மெட்ராஸ் மாமா" என்றேன்.

"மெட்ராஸ்னா? எந்தத் தெரு, என்ன நம்பரு?"

சட்டைப் பையிலிருந்து மிஞ்சிப்போன சர்வே தாள் ஒன்றை எடுத்தார். புறப்பட்ட இடம் கிட்வாய் நகர் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். திருவல்லிக்கேணி விலாசத்தைச் சொல்லச் சொல்ல நான்காவது கேள்விக்கு நேராக எழுதிக்கொண்டார். ஓரத்தில் ஐந்தாவதைத் தானே சேர்த்தார்.

"வீட்டுல தெரியும்னு போட்டுக்கிடுதேன்" என்றார்.

ஆட்டோவில் உட்கார்ந்து நான் ஸ்டேஷன் வரை அழுதுகொண்டே போனேன். கஹான் ஜானா ஹை என்று ஆட்டோக்காரன் கேட்டதற்குப் பதில் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

சென்னையில் வீடு மாறும்போதெல்லாம் அவருக்கு ஒரு கார்டு போட்டுவிடுவேன். மூன்றாவது தடவை போட்ட கார்டு, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர்களிடம் தன் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பார். அவர்களுக்கு நான் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. அவர் எனக்கு எழுதியிருந்தாலும் அது நான் காலி செய்த பழைய வீட்டுக்குத்தான் போயிருக்கும். செல்வமே வந்து அழைத்துப் போயிருக்கவும் கூடும். நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். என்னிடம் தெருவும் நம்பரும் கேட்டு எழுதிக்கொண்ட மனிதரிடம், ரிட்டயர் ஆனதும் நீங்கள் எங்கே போவீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டு வைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது எங்கேயாவது அவரைப் பார்த்தால், தூரமா என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தெரு, நம்பர் எல்லாம் கேளுங்கள். மருமவன் வீட்டில் தேடுகிறார்கள் என்று சொல்லுங்கள்.